சுரேஷ் உட்காரும் வீடுகள்

அக்கா,

இன்று காலை உங்கள் மகன் உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றான். பால்வெட்டுக்குப் போகும்போது கவுனுக்கு மேலே மாட்டிக்கொள்வீர்களே, அந்த நீளக்கைச் சட்டை. முன்பக்கம் முழுவதும் ரப்பர் பால் காய்ந்து கறுத்த கறை. எத்தனை தடவை துவைத்தாலும் போகாத அந்தப் புளித்த வாடை அவனுக்கு முன்னாலேயே வீட்டுக்குள் வந்துவிட்டது. தையல் மெஷினில் குனிந்திருந்த நான் நிமிராமலே "வாங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

அவன் வழக்கம்போல் கதவோரப் பலகையில் உட்கார்ந்தான். மூச்சு இரைத்தது. தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, ஊதி ஊதிக் குடித்தான். குடித்து முடித்துவிட்டு வந்த காரியத்தைச் சொன்னான். அது என்னவென்று பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரே லயத்து வீட்டு வரிசையில் பதினைந்து வருடம் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்தும் நான் உங்களிடம் அதை முழுதாகச் சொன்னதில்லை.

எனக்கு உங்கள் மேல் பொறாமை. "இருந்தது" என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்ததால் அடித்துவிட்டேன். இப்போதும் இருக்கிறது. செத்துப்போனவர் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்பீர்கள். நான் படுகிறேன்.

நான் இந்தத் தோட்டத்துக்கு மருமகளாக வந்தவள். அப்பாவுக்குப் பெல்மதுளைச் சந்தியில் தையல் கடை. பக்கத்தில் இருந்தது சிங்களப் பாடசாலை மட்டும்தான் என்பதால் அதிலேயே சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன். தெரணியகலைக்கு மேலே இந்த லயத்தில் சிங்களம் பேசாதவர் கிடையாது. ஆனால் வாசிக்கத் தெரிந்தவள் அப்போது நான் ஒருத்திதான். அரசாங்கக் கடிதம் எதுவாக இருந்தாலும் என்னிடம் வரும். "ஏ புள்ள, இது என்னா சொல்லுது பாரு" என்று நீங்களும் கொண்டு வருவீர்கள். வாசித்துச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும். வேறு எதற்கும் நிமிராத தலை அது.

நிரோஷா பிறந்து நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், ஏழு வயது சுரேஷைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளையைப் பார்க்க வந்தீர்கள். துணியை விலக்கி முகத்தைப் பார்த்தீர்கள். கண்ணைப் பார்த்தீர்கள். உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"அட, நம்ம கட்சி!"

சொல்லிக்கொண்டே சுரேஷைக் கிட்ட இழுத்து, "டேய், ஒன் தங்கச்சிடா" என்றீர்கள். அவன் குனிந்து அவள் காலை முத்தமிட்டான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. டவுன் சிண்ட்ரோம் என்று டொக்டர் என்னிடம் சொல்லி ஆறு நாள் ஆகியிருந்தது. அந்த ஆறு நாளும் அவர் தப்பாகப் பார்த்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு நொடியில் என் பிள்ளையைத் தூக்கி உங்கள் பிள்ளையின் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள். "இல்லக்கா, டொக்டர் அப்படி ஒண்ணும் சொல்லல" என்றேன். கொண்டுவந்த பால்மாப் பெட்டியை வைத்துவிட்டுப் போனீர்கள்.

அன்றைக்குச் சாத்திய கதவுதான், அக்கா. நிரோஷாவை நான் வெளியே கொண்டு போகவே இல்லை. வேலைக்கும் போகவில்லை. வீட்டுக்காரர் ரப்பர் ஸ்டோருக்குப் போய்விடுவார், நான் மெஷினோடு வீட்டிலேயே இருந்தேன். யாராவது வந்தால் அவளை உள்ளறைக்கு அனுப்பித் திரையை இழுத்துவிடுவேன். அவளுக்கு நாலு வயதாகும்போது நீங்கள் ஒருநாள் வாசலில் நின்று, "பூன கண்ண மூடிக்கிட்டா ஒலகம் இருண்டுருமா புள்ள?" என்று கேட்டீர்கள். "எம் புள்ளைய எனக்குப் பாத்துக்கத் தெரியும்" என்றேன். அவளைக் குறைவாக வைத்திருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. சுத்தமான உடுப்பு, எண்ணெய் வைத்த தலை, நகத்தில் அழுக்கில்லை. அழகாக வைத்து ஒளித்தேன்.

நீங்களோ உங்கள் பிள்ளையைத் தெருவில் விட்டீர்கள். அப்படித்தான் நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லுவேன். "அந்த அக்கா புள்ளைய தெருவுல விட்டுட்டு மரத்துக்கு வெட்டப் போயிருது."

அவனுக்குப் பதின்மூன்று வயதானபோது நீங்கள் சந்தியில் முஸ்லிம் நானாவின் மளிகைக் கடைக்குக் கூட்டிப் போனது நினைவிருக்கிறது. தபால்காரர் லயத்துக்கு ஏறி வருவதில்லை. தோட்டத்துக் கடிதமெல்லாம் நானா கடையிலேயே விழும். யாராவது சீனி வாங்கப் போனால் எடுத்து வருவார்கள், இல்லாவிட்டால் பருப்புச் சாக்குக்குப் பின்னால் கிடந்து மஞ்சளாகிப் போகும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி போன பிறகு கிடைத்த பிள்ளைகள் இந்த லயத்தில் இருக்கிறார்கள்.

"நானா, இவனுக்கு ஒரு வேல குடுங்க. கடிதாசிய இவன் கொண்டு குடுப்பான்."

"என்னா தங்கச்சி சொல்றீங்க? இவனுக்கு வாசிக்கத் தெரியாதே."

"நீங்க வாசிச்சு யாருக்குன்னு சொல்லுங்க. வீடு அவனுக்குத் தெரியும்."

முதல் நாள் நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு கடிதமாவது மாறிப் போகாதா என்று. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒன்றும் மாறவில்லை. நானா பெயரைச் சொல்லச் சொல்ல அவன் கையிலேயே வீட்டு வரிசைக்கு அடுக்கி வைத்துக்கொள்வானாம். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு கடிதம் தப்பியதில்லை.

அவனுடைய நெஞ்சில் பிறவியிலேயே ஓட்டை. சந்தியிலிருந்து மேல் லயம் வரை ஒரே மூச்சில் ஏற முடியாது. உதடு நீலம் பாய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போவான். நாளடைவில் ஒவ்வொரு வீட்டிலும் அவனுக்கென்று ஓர் இடம் வந்துவிட்டது. ஒரு வீட்டில் கவிழ்த்த வாளி, ஒரு வீட்டில் மரக்கட்டை, முத்தையா மாமா வீட்டில் கை உடைந்த நாற்காலி. எங்கள் வீட்டுக் கதவோரப் பலகையும் அவனுக்குப் போட்டதுதான், என் வீட்டுக்காரர் போட்டார். உட்கார்ந்தவனுக்கு எல்லோரும் சாப்பிடக் கொடுக்கப் பார்த்தார்கள். நீங்கள் வீடு வீடாகப் போய்ச் சண்டை பிடித்தீர்கள்.

"சோறு குடுத்துப் பழக்காதீங்க. வேல குடுங்க. வேல செஞ்சா சோறு தன்னால வரும்."

சந்தியில் இருக்கும் மெனிக்கே நோனா அவனைக் கண்டதும் வழக்கம்போல் "அனே பவ்" என்று உச்சுக்கொட்டினார். பாவம், பாவம் என்று சிங்களத்தில் சொல்லிச் சொல்லியே அவர் நம்மைக் கொன்றவர். "பவ்வெல்லாம் வேணாம் நோனா, கொத்தமல்லி காயப் போடணும்னா சொல்லுங்க, அனுப்புறேன்" என்றீர்கள். நோனாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் அடுத்த வாரம் அவர் வீட்டு முற்றத்தில் சுரேஷ் மிளகைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தான். பிறகு மேல் லயத்தில் செல்வி குளிக்கப் போகும்போது அவள் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பான். முத்தையா மாமாவின் ஆட்டை அவிழ்ப்பதும் கட்டுவதும் அவன்தான்.

லயம் முழுக்க "சுரேஷ் வந்தானா?", "சுரேஷ் எங்க?" என்ற பேச்சாகவே இருக்கும். என் பிள்ளையின் பெயர் பாதி வீட்டுக்குத் தெரியாது. "அந்தக் கடைசிக் காம்பரா புள்ள" என்பார்கள். அதற்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்தும் வயிறு எரிந்தது. காரணம் தெரிந்தால் எரிச்சல் குறையும் என்று யார் சொன்னது?

பிறகு பிரதேச செயலகத்திலிருந்து ஒரு மிஸ் குடை பிடித்துக்கொண்டு வந்தார். சிங்களப் பெண், சின்ன வயது. இப்படிப்பட்ட பிள்ளைகள் யார் யார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார். நான் கதவைத் தாழிட்டு நிரோஷாவை மடியில் வைத்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. விளையாட்டு என்று நினைத்து என் கைக்குள்ளேயே சிரித்தாள். மிஸ் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சுரேஷின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கடிதம் வந்தது. மண்ணிறக் கவர். நம் பெயருக்கு வரும் கடிதம் நமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் வருவதுதான் வழக்கமாயிற்றே. சுரேஷே கொண்டு வந்தான். அவனுடைய கடிதத்தை அவனே சுமந்து வந்து உங்களிடம் கொடுத்தான், நீங்கள் என்னிடம் நீட்டினீர்கள்.

நான் நின்றுகொண்டே வாசித்தேன். வருகிற சனிக்கிழமை டவுனில் பிள்ளைகளுக்கு ஒன்றுகூடல். விளையாட்டு, மத்தியானச் சாப்பாடு, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டொக்டர் வருகிறார், தாய்மார் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளலாம். காலை ஏழு மணிக்குச் சந்தியில் வேன் நிற்கும். மேலே அழகாக அவன் முழுப் பெயர். இரண்டாவது தடவையும் வாசித்தேன், நிரோஷாவின் பெயர் எங்காவது இருக்குமா என்று. நானே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, பெயர் வரவில்லையே என்று தேடினேன்.

"என்னா புள்ள போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. வாக்காளர் பட்டியல்ல பேர் சரியான்னு பாக்கச் சொல்லியிருக்கு."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

நீங்கள் கவரை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். இவ்வளவு சுலபமாக ஒரு பொய் முடிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

சனிக்கிழமை வேன் வந்தது. நீங்கள் மரத்துக்குப் போயிருந்தீர்கள். சுரேஷ் எப்போதும்போல் நானா கடையில் இருந்தான். வேனுக்குள் அவனைப்போலவே பிள்ளைகள். அவன் அதற்கு முன் தன்னைப்போல் இத்தனை பேரை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் ஓடிக் கை காட்டினானாம். அவர்களும் காட்டினார்களாம். டிரைவர் ஹோர்ன் அடித்து அடித்துப் பார்த்து, தாய் யாரும் வராததால் அரை மணித்தியாலம் கழித்துப் போய்விட்டார். பெயர்ப் பட்டியலில் இருந்த பையன் வாசலில்தான் நிற்கிறான் என்று அவருக்குத் தெரியாது. வேன் போன பிறகும் அவன் கை காட்டிக்கொண்டே நின்றதாக நானா சொன்னார். உங்கள் சட்டைப்பையிலிருந்த கவரை வாங்கி வாசித்துவிட்டு நானா இதை உங்களிடம் சொன்னார். உங்களிடமிருந்து எனக்கு வந்தது.

நீங்கள் பால் வாளியைக்கூட இறக்கி வைக்காமல் நேராக என் வாசலுக்கு வந்தீர்கள். லயமே வெளியே வந்து நின்றது. நீங்கள் கத்துவீர்கள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நானும் கத்தலாம் என்று இருந்தேன்.

"எழுத்துன்னா நான் குருடு. ஒன்னய கண்ணா நெனச்சுத்தான் நீட்டுனேன்" என்றீர்கள். பிறகு, "வேன் போன பொறகும் கை காட்டிக்கிட்டு நின்னானாம்டி" என்றீர்கள். திரும்பிப் போய்விட்டீர்கள்.

மூன்று வாரம் நீங்கள் என்னோடு பேசவில்லை. ஆனால் சுரேஷ் வந்தான். அதே பலகையில் உட்கார்ந்தான், மூச்சு வாங்கினான், போனான். நீங்கள் தடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் சுட்டது. தடுத்திருந்தால், இந்த அக்காவும் என்னைப்போல்தான் என்று ஆறுதல் பட்டிருப்பேன்.

மூன்றாவது வாரம் மிஸ் காரணம் கேட்டு வந்தார். நீங்கள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கடிதம் விளங்கவில்லை என்று மட்டும் சொன்னீர்கள். ஆனால் அவரை நேராக என் வாசலுக்குக் கூட்டி வந்து, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே கை நீட்டி, "மிஸ், மெத்தன தவ எக்கெனெக் இன்னவா" என்றீர்கள். இங்கே இன்னொரு ஆள் இருக்கிறாள். நிரோஷா திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். எட்டு வருடமாக நான் மூடி வைத்ததை நீங்கள் ஒரு வார்த்தையில் திறந்துவிட்டீர்கள். மிஸ் போன பிறகு நான் சாமியாடினேன். யாரைக் கேட்டு எழுத வைத்தீர்கள், என் பிள்ளை மேல் உங்களுக்கென்ன உரிமை என்று கேட்டேன். பதில் இவ்வளவுதான்.

"எனக்கு ஒம் மேல கோவம் இருக்கு. அது தீராது. கோவம் வேற, புள்ள பேரு வேற."

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளை மடுவத்தில் தாய்மார் கூட்டம். மரத்துக்கும் கொழுந்துக்கும் போகிற பெண்கள் பகலில் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற அந்தக் கட்டடத்தில்தான், சனிக்கிழமைகளில். கீழே ஆற்றோரத்திலிருந்து ஒரு சிங்களத் தாய் மகனோடு வருவார். டவுனிலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பம் வரும், தகப்பனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார். மிஸ் பந்தும் படங்களும் கொண்டு வருவார். நாக்கை எப்படி வைப்பது, சட்டைப் பொத்தானை எப்படிப் போடப் பழக்குவது என்று காட்டுவார். தாய்மார் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். மூன்று மொழியும் அரைகுறையாகக் கலந்து, ஆனால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காமல் போனதில்லை.

நான் அங்கே போனது கணக்குப் பார்க்கத்தான். யார் பிள்ளை எதை முதலில் செய்தது, யார் பிள்ளை எத்தனை சொல் சொன்னது. ஆற்றோரத்துப் பையன் செருப்பு வாரைத் தானே மாட்டிக்கொண்ட அன்று எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. நம்மைப்போன்ற தாய்களுக்குள் பொறாமையா என்று கேட்பவர்கள் நம்மைப்போன்ற தாய்களைப் பார்த்ததில்லை.

நிரோஷா எல்லாவற்றுக்கும் "ம்ம்மா" என்பாள். தண்ணீருக்கும் ம்ம்மா, காகத்துக்கும் ம்ம்மா. அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஒன்பதாவது வயதில் ஒரு சனிக்கிழமை, மடுவத்து வாசலில் மழைக்கு நின்றுகொண்டிருந்தபோது, தெளிவாக ஒரு சொல் சொன்னாள். "சுலே." உங்கள் மகன் பெயர். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த மாதம் உங்களைப் பார்த்து "பெம்மா" என்றாள். பெரியம்மா. உங்களுக்குத் தனிப்பெயர், அவனுக்குத் தனிப்பெயர். பெற்றவள் காகத்தோடும் தண்ணீரோடும் சேர்த்தி.

அன்று திரும்பி வரும்போது நான் வாயை அடக்கவில்லை. ஏற்றத்தில் சுரேஷுக்கு மூச்சு முட்டியதால் பாறையில் உட்கார்ந்தோம். நிரோஷா முன்னால் துள்ளிக்கொண்டு ஏறினாள். நீங்கள் காலில் ஏறியிருந்த அட்டையைக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தீர்கள்.

"ஒங்களுக்கென்னாக்கா. ஒங்க புள்ளைய ஊரே தூக்கி வச்சிருக்கு. இப்ப எம் புள்ளையும் ஒங்க பக்கம்" என்றேன்.

நீங்கள் அட்டை கடித்த இடத்தில் எச்சில் தொட்டு வைத்தீர்கள். நிமிர்ந்து மேலே ஏறிக்கொண்டிருந்த நிரோஷாவைப் பார்த்தீர்கள்.

"அவ எப்படி ஏறுறா பாரு. ஒரே ஓட்டம். அவ நெஞ்சுல ஓட்ட இல்ல. அவ ஓடியாறதப் பாக்குறப்பல்லாம் எனக்கு எப்படி எரியும் தெரியுமா? கடவுளே, ஓடியாற புள்ளைய அவளுக்குக் குடுத்து அவ கதவச் சாத்தி வச்சிருக்காளே, எனக்குக் குடுத்திருந்தா இந்த மலையெல்லாம் ஓட விட்டுருப்பேனேன்னு. என்னய என்னா ரிஷின்னு நெனச்சியா?"

நீங்கள் என் மேல் பொறாமைப்பட்டீர்கள் என்பதைப்போல எனக்கு இனித்த செய்தி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அன்றைக்கு ஏற்றத்தில் உங்கள் பையையும் நானே தூக்கி வந்தேன்.

போன மாரிக்குப் பிறகு உங்களுக்குக் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்று தெரியாமல் மூன்று நாள் பரசிட்டமோல் போட்டுக்கொண்டு மரத்துக்குப் போனீர்கள். நாலாவது நாள் முத்தையா மாமா த்ரீவீலில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மறுநாள் நான் பார்க்க வந்தேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒன்றையே ஒத்திகை பார்த்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து, "சுரேஷப் பாத்துக்க புள்ள" என்பீர்கள். நான் கொஞ்சம் தயங்குவேன். உடனே சரி சொல்லக் கூடாது, கொஞ்சம் தயங்கி, உங்கள் கண்ணில் ஒரு கெஞ்சலைப் பார்த்துவிட்டு, பிறகு சொல்வேன், "சரிக்கா, நான் இருக்கேன்" என்று. கடைசியில் உங்களுக்கு என்னிடமிருந்து ஒன்று வேண்டியிருக்கும் அல்லவா. அந்த நினைப்பே ருசியாக இருந்தது. சாகக் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போது ஒருத்தி நினைக்கிற நினைப்பா இது?

உங்கள் கண் மஞ்சளாக இருந்தது. "வந்துட்டியா. நிரோஷா சாப்டாளா? அவள யாருகிட்ட விட்டுட்டு வந்த?" என்றீர்கள். வீட்டுக்காரர் லீவு போட்டிருக்கிறார் என்றேன். வார்ட்டில் சோறு சப்பென்று இருக்கிறது, வரும்போது கொஞ்சம் தேசிக்காய் ஊறுகாய் கொண்டு வா என்றீர்கள். மணி அடித்தது, எங்களை வெளியே போகச் சொன்னார்கள். நான் வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் கேட்கவே இல்லை. இரண்டு நாளில் போய்விட்டீர்கள்.

ஏன் கேட்கவில்லை என்று எனக்குக் காரியம் முடிந்த பிறகுதான் விளங்கியது. பெல்மதுளையில் கட்டிக் கொடுத்த உங்கள் மூத்த மகள், அப்பாவும் இல்லாத தம்பியை அழைத்துப் போக வந்தாள். நல்ல பிள்ளை, மனப்பூர்வமாகத்தான் கூப்பிட்டாள். பையை அடுக்கி, அவனைக் கூட்டிக்கொண்டு சந்திக்குப் போனாள். பஸ் வருவதற்குள் லயமே இறங்கி வந்துவிட்டது. அழுவதற்கு வந்தார்கள் என்று நினைத்தேன். நானாதான் முதலில் பேசினார்.

"மகள், இவனக் கொண்டு போனா கடிதாசி யாரு குடுக்குறது?"

"என் சின்னவள யாருக்கா புடிக்கிறது? அவன்கிட்ட மட்டுந்தான் அழாம இருக்கும்" என்றாள் செல்வி. அவளுக்கு இது மூன்றாவது குழந்தை. முத்தையா மாமா, ஆடு இவன் குரலுக்குத்தான் வரும் என்றார். மெனிக்கே நோனா மிளகைப் பற்றிச் சொன்னார். "பவ்" என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் அவன் போனால் நின்றுபோகிற வேலையைப் பற்றியே பேசினார்கள். பஸ் வந்தது, ஹோர்ன் அடித்தது, போய்விட்டது. உங்கள் மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு நானா கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுதாள். மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்று அடுத்த பஸ்ஸில் தனியாகப் போனாள். சுரேஷ் இப்போது இரவில் முத்தையா மாமா வீட்டில் படுக்கிறான்.

நான் ஓரமாக நின்றிருந்தேன், அக்கா. அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. நாளைக்கு நான் செத்தால் நிரோஷாவுக்காக எந்தப் பஸ்ஸை யார் நிறுத்துவார்கள்? அவள் இல்லாமல் எந்த வீட்டில் எந்த வேலை நிற்கும்? என் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டிலும் அவள் உட்கார்ந்ததில்லையே. பாசம் என்று நான் பதினைந்து வருடம் கட்டிய வேலி, நான் போன மறுநாளே அவளுக்குச் சுவராகிவிடும். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் உங்கள் பிள்ளைக்கு ஒரு ஊரே தாயாக நிற்கிறது. உங்கள் மேல் நான் பட்ட பொறாமையிலேயே பெரிய பொறாமை அன்றைக்குச் சந்தியில் பட்டதுதான்.

உடனே திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. மாதக் கூட்டத்துக்கு மட்டும் வெளியே வந்தவளை எட்டு மாதமாக வாசல்வரை, தண்ணிப் பீலிவரை, நானா கடைவரை கூட்டிப் போகிறேன். கையை விடுவதில்லை. யாராவது அவளிடம் ஏதாவது கேட்டால் நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை சுரேஷ் வந்து சொன்னது இதுதான். "நிலோ வா. செல்விக்கா. பூடு." மேல் லயத்தில் செல்வியின் மூத்த மகளுக்கு நாளைக்குச் சடங்கு. கூடை கூடையாக வெள்ளைப்பூண்டு உரிக்க வேண்டும். நிரோஷா பூண்டு உரிப்பாள் என்று இவன்தான் போய்ச் சொல்லியிருக்கிறான். பலகையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவன் பார்த்திருக்கிறான். அவள் மெதுவாகத்தான் உரிப்பாள், ஆனால் ஒரு பல்லில்கூட நகம் படாது.

"அவ வரமாட்டாடா. தனியா இருந்து பழக்கமில்ல" என்றேன்.

அதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். இடதும் வலதும் மாறி. மாற்றிப் போடக் குனிந்தேன், நிற்கவில்லை. நான் பின்னாலேயே வளைவுவரை போனேன். சுரேஷ் திரும்பி, "நீ போ" என்று கையைக் காட்டினான். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினான். இரண்டாவது வீட்டில் அவன் உட்கார்ந்தான், அவளும் பக்கத்தில் நின்றாள். அவன் எழுந்தபோது அவளும் நடந்தாள்.

மத்தியானம் மேல் லயத்திலிருந்து செல்வி கத்தினாள். "நிரோஷாம்மோவ்! புள்ள இங்கயே சாப்டுருச்சு. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கி சாப்டுச்சு. இன்னும் ஒரு கூட பூடு இருக்கு, முடிச்சிட்டுத்தான் வருமாம். தேடாதீங்க!"

ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். என் வீட்டில் ஒவ்வொரு வாயும் நான் கெஞ்சி ஊட்ட வேண்டும். அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே இன்னொரு சத்தம் வந்தது. நிரோஷா சிரிக்கிறாள். வயிற்றிலிருந்து வருகிற அந்தச் சிரிப்பு, நான் மட்டுமே கேட்டது என்று நான் நினைத்திருந்த சிரிப்பு. செல்வி என்ன சொன்னாள்? எதற்குச் சிரித்தாள்? எனக்குத் தெரியாது. நெஞ்சு குப்பென்று எரிந்தது. எழுந்து, செருப்பை மாட்டி, கதவுவரை போய்விட்டேன், கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று.

அங்கே நின்றபோதுதான் தோன்றியது. உங்களுக்கும் இப்படித்தான் எரிந்திருக்குமா, அக்கா? அவன் ஒவ்வொரு வீட்டிலும் சிரிக்கிற சத்தம் ரப்பர் மரத்துக்கடியில் உங்களுக்குக் கேட்டிருக்குமே. அந்தச் சிரிப்பை நீங்கள்தான் உண்டாக்கினீர்கள் என்று ஒரு வீடும் நினைத்திருக்காது. ஆனாலும் நீங்கள் ஒருநாளும் எழுந்து போய் அவனைக் கூட்டி வந்ததில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி மூன்றாகிறது. அவள் இன்னும் வரவில்லை. எனக்கு இன்னும் எரிகிறது. நான் போகவில்லை.